உங்கள் பிள்ளை ராக்கோழியா? வீட்டிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்

பத்தாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து என் மூத்த மகளைக் காலை ஐந்தரைக்கு எழுப்புவது பெரும்பாடாகிவிட்டது. "சின்ன வயசுல தானா எழுந்த பிள்ளைதானே, இப்ப என்ன சோம்பேறித்தனம்?" என்று நானே திட்டியிருக்கிறேன். அளந்து பார்த்த பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். பருவ வயதில் உடல் கடிகாரமே பின்தங்குகிறது. ஏறக்குறைய 20 வயது வரை அது கூடிக்கொண்டே போகும்.

பிள்ளை காலையில் சுறுசுறுப்பா, இரவில் விழித்திருக்கும் ராக்கோழியா என்று அளக்க, 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நிரப்பும் 27 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று 2009-இல் வந்தது. அதைவிட மூத்த பிள்ளைகளுக்குத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் குழுவின் 1993-ஆம் ஆண்டு அளவுகோல்: 10 கேள்விகள், பிள்ளையே நிரப்ப வேண்டும், மதிப்பெண் கூடினால் காலை நாட்டம் அதிகம். நல்ல கருவிகள்தான். ஆனால் விருப்பத்தைக் கேட்டால் என் மகள் என் முகத்தைப் பார்த்துப் பதில் எழுதுகிறாள். அதனால் உடல் கடிகார ஆய்வாளர் டில் ரோனெபர்க் குழுவின் மியூனிக் முறையைத்தான் சொல்வேன். அது தூங்கிய நேரத்தைக் கேட்கிறது.

ஆப், கைப்பட்டை எதுவும் வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். தினமும் காலையில் இரண்டு நேரங்கள்: தூங்கியது, எழுந்தது. படுத்த நேரம் கணக்கில் வராது. என் மகள் 10 மணிக்குப் படுப்பாள், கண்ணயர 10:45 ஆகும். மூன்று வாரம் எழுதிச் சராசரி எடுங்கள், பள்ளி நாளுக்குத் தனியாக, லீவு நாளுக்குத் தனியாக. லீவு நாளில் அலாரமும் கூடாது, அம்மா குரலும் கூடாது.

அடுத்து, லீவு நாள் தூக்கத்தின் நடுப்புள்ளி. இங்கேதான் நான் ஒரு மாலை முழுக்கத் திண்டாடினேன். ஞாயிறு தூக்கம் இரவு 11:30 முதல் காலை 8:30 வரை. எக்செல்லில் 23.5-ஐயும் 8.5-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தேன். விடை 16, அதாவது மாலை 4 மணி! நள்ளிரவைத் தாண்டும்போது நேரடிச் சராசரி உதவாது. முதலில் தூங்கிய அளவை எடுங்கள்: 9 மணி நேரம். அதில் பாதி நாலரை. 11:30-உடன் கூட்டினால் அதிகாலை 4:00. இதுதான் சரி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, வாரம் முழுக்கக் குறைந்த தூக்கக் கடனையும் சேர்த்துத் தூங்குகிறார்கள்; அதைக் கழிக்க வேண்டும். பள்ளி நாளில் அவளுக்கு 6.75 மணி நேரம். ஆறு நாளுக்கு 40.5, ஞாயிறு 9, மொத்தம் 49.5, ஏழால் வகுத்தால் 7.07. ஒன்பதிலிருந்து இதைக் கழித்தால் 1.93, அதில் பாதி சுமார் 58 நிமிடம். 4:00-இலிருந்து அதைக் கழித்தால் 3:02. இதுதான் அவளுடைய உடல் கடிகாரத்தைக் காட்டும் எண்; இது எவ்வளவு தாமதமோ அவ்வளவு ராக்கோழி. பள்ளி நாளிலோ நடுப்புள்ளி 2:07-க்கே வந்துவிடுகிறது. அந்த இடைவெளியைப் பார்த்தபோது மனசு கனத்தது.

பிற்சேர்க்கை: சனிக்கிழமை பள்ளி இல்லையென்றால் பள்ளி நாள் தூக்கத்தை 5-ஆலும் லீவு நாள் தூக்கத்தை 2-ஆலும் பெருக்குங்கள்.

இன்னொன்று: ஞாயிறும் ஆறு மணிக்கு டியூஷன் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்படியானால் அரையாண்டு லீவு வரை பொறுங்கள், அம்மா. முதல் சில நாள் கடன் தீர்க்கும் தூக்கம், அதை விட்டுவிட்டு மீதியை எழுதுங்கள். பள்ளி நாள் கடனைக் கழிக்கும் வேலையும் அப்போது இல்லை. நடுப்புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.