நேர்க்கோடு அச்சுகளை எங்கே வெட்டுகிறது? கண்டுபிடிக்கும் முறை

நேர்க்கோடு வரைய இரண்டு புள்ளிகள் போதும். ஆனால் சமன்பாட்டைக் கொடுத்து ‘வரைபடம் வரைக’ என்றவுடன் பலர் எக்ஸுக்கு 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டுப் பின்னங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். கோடு இரண்டு அச்சுகளையும் வெட்டும் இடங்களைக் கண்டுபிடித்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

வரைபடத்தாளில் (5, 0), (−2, 0) ஆகிய புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள். இரண்டும் எக்ஸ் அச்சின் மேலேயே உட்காரும். இரண்டு அச்சுகளும் சந்திக்கும் ஆதிப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தோமே தவிர, மேலே ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. ஆகவே எக்ஸ் அச்சில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒய் = 0. அதேபோல ஒய் அச்சில் எங்கும் எக்ஸ் = 0. இது மனத்தில் பதிந்துவிட்டால் சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

3எக்ஸ் + 4ஒய் = 24 என்ற கோட்டை எடுத்துக்கொள்வோம்.

படி 1: எக்ஸ் அச்சை வெட்டும் இடம் வேண்டும். அங்கே ஒய் = 0. எனவே 3எக்ஸ் + 4(0) = 24; அதாவது 3எக்ஸ் = 24; எக்ஸ் = 8. கோடு அச்சை வெட்டும் இடத்தைக் காட்டும் இந்த எண்தான் வெட்டுத்துண்டு; ஆக, எக்ஸ் வெட்டுத்துண்டு 8. புள்ளி (8, 0).

படி 2: ஒய் அச்சில் எக்ஸ் = 0. எனவே 4ஒய் = 24; ஒய் = 6. ஒய் வெட்டுத்துண்டு 6. புள்ளி (0, 6).

படி 3: இரண்டு புள்ளிகளையும் குறித்து, அளவுகோலை வைத்துக் கோட்டை இழுங்கள். சரிபார்க்க மூன்றாவதாக ஒரு புள்ளி: எக்ஸ் = 4 என்றால் 12 + 4ஒய் = 24, ஒய் = 3. உங்கள் கோடு (4, 3) வழியாகப் போகாவிட்டால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது.

இங்கே மதிப்பெண் பறிபோகும் இடம் ஒன்று உண்டு. ‘எக்ஸ் வெட்டுத்துண்டு காண்க’ என்று கேட்டால் கை தானாகவே எக்ஸ் = 0 என்று எழுதிவிடும். அது தலைகீழ். எந்த அச்சைக் கேட்கிறார்களோ அதை விட்டுவிட்டு மற்றதைத்தான் சுழி ஆக்க வேண்டும். சந்தேகம் வந்தால் (5, 0) எந்த அச்சில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வில்லங்கம் குறிகள். தேர்வில் பெரும்பாலும் 3எக்ஸ் − 4ஒய் − 24 = 0 என்ற உருவில்தான் சமன்பாடு வரும். முதலில் மாறிலியை (எக்ஸ், ஒய் ஒட்டாத தனி எண்ணை) மறுபக்கம் கொண்டுபோங்கள்: 3எக்ஸ் − 4ஒய் = 24. இனி விரலே போதும். ஒய் உள்ள உறுப்பை விரலால் மறைத்தால் 3எக்ஸ் = 24 தெரியும்; எக்ஸ் = 8. எக்ஸ் உள்ள உறுப்பை மறைத்தால் −4ஒய் = 24; ஒய் = −6. மறைக்கும்போது 4-க்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியைத் தவறவிடாதீர்கள். வெட்டுத்துண்டு குறை எண்ணாக வருவதில் தவறேதும் இல்லை. கோடு ஒய் அச்சை ஆதிப்புள்ளிக்குக் கீழே வெட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒய் = 2எக்ஸ் − 10 போல எழுதப்பட்டிருந்தால் ஒய் வெட்டுத்துண்டு கண்ணெதிரே கிடக்கிறது: −10. எக்ஸ் வெட்டுத்துண்டுக்கு மட்டும் 0 = 2எக்ஸ் − 10 என்று தீர்த்தால் 5.

சில கோடுகள் இந்த வழிக்கு ஒத்துவராது. 2எக்ஸ் − 5ஒய் = 0 ஆதிப்புள்ளி வழியாகவே போவதால் இரண்டு விடையும் சுழி. கையில் ஒரே புள்ளிதான் இருக்கும்; எக்ஸ் = 5, ஒய் = 2 போல இன்னொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒய் = 4 என்ற கோடு எக்ஸ் அச்சுக்கு இணையாக ஓடுவதால் அதைத் தொடுவதே இல்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வெப்பமானி. செல்சியஸை ‘செ’ என்றும் பாரன்ஹீட்டை ‘பா’ என்றும் வைத்தால் பா = 1.8 செ + 32. செ-யை எக்ஸ் அச்சிலும் பா-வை ஒய் அச்சிலும் குறித்தால் இதுவும் நேர்க்கோடுதான். செ = 0 என்றால் பா = 32: தண்ணீர் உறையும் வெப்பநிலை. பா = 0 என்றால் 1.8 செ = −32; செ = −17.8 (ஏறத்தாழ). 1724-இல் பாரன்ஹீட் தம் அளவுகோலின் சுழியை விளக்கும்போது பனிக்கட்டி, நீர், உப்பு சேர்ந்த கலவையைக் குறிப்பிட்டார். தூய நீரின் உறைநிலைக்கு வெகு கீழே அந்தச் சுழி விழுவதை எக்ஸ் வெட்டுத்துண்டே காட்டிவிடுகிறது.

செய்து பாருங்கள்: 5எக்ஸ் − 2ஒய் = 20; ஒய் = 3எக்ஸ் − 9; எக்ஸ் + 7 = 0. முதலாவதற்கு எக்ஸ் வெட்டுத்துண்டு 4, ஒய் வெட்டுத்துண்டு −10. இரண்டாவதற்கு 3, −9. மூன்றாவது செங்குத்துக் கோடு. எக்ஸ் அச்சை −7-இல் வெட்டும், ஒய் அச்சை வெட்டாது.