நம் தலையில் நாமே பிரெஞ்சு பின்னல் போட

சாதாரண மூன்று கால் பின்னல் தெரியுமா, அப்போ பாதி வேலை முடிந்தது. தலைக்குக் குளித்த அன்றே பின்னாதீர்கள், முடி வழுக்கும்; மறுநாள் நல்லது. உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினால் சென்னைக் கசகசப்பில் கிளம்பும் குட்டி முடியும் படியும்.

சிக்கு எடுத்துவிட்டு, நெற்றிக்கு மேலே ஒரு கொத்தை மட்டும் எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். வலது காலை நடுவில் போடுங்கள், பிறகு இடது காலை. இனிமேல்தான் விஷயமே: ஓரத்துக் காலை நடுவுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் அகல முடியை அதோடு சேர்க்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கை தலையை ஒட்டியே இருக்கட்டும், விலகினால் பின்னல் தொங்கிவிடும். கண்ணாடியைப் பார்த்தால் இடம் வலம் குழம்பும், விரலை நம்புங்கள். கை கடுத்தால் மூன்று கால்களையும் ஒரே கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை உதறுங்கள்.

பிடரிக்கு வந்ததும் சேர்க்க முடி இருக்காது, அப்புறம் வழக்கமான பின்னல்தான், நுனியில் ரப்பர் பேண்ட். மல்லிப்பூ வைப்பதானால் பின்னலின் இறுக்கமான பகுதியில் ஹேர்பின்னால் குத்துங்கள், மின்சார ரயில் கூட்டத்திலும் சுலபமாக நழுவாது.