கடல் பிரித்த பாறைகளைப் பொருத்திப் பார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இன்று கடலால் பிரிந்து கிடக்கும் கண்டங்கள் முன்பு ஒன்றோடொன்று பொருந்தியிருந்த விதத்தைத் தேட முற்படுபவர், முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது தம் காலடியிலுள்ள கல்லைத்தான். கிணறு வெட்டும்போது வெளிவரும் சுண்ணாம்புக்கல்லை உடைத்துக் கைவில்லையால் நோக்கினால் சிப்பிகளின் அச்சும் முருகைக்கல் துணுக்குகளும் தெரியும். அது மயோசீன் காலத்துக் (ஏறத்தாழ 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்) கடலில் படிந்தது. இலங்கையும் அந்தாட்டிக்காவும் பிரிந்து ஏறத்தாழ 100 மில்லியன் ஆண்டுகள் கழிந்த பின்னரே உருவானது. பிரிவுக்குப் பின் பிறந்த கல், பிரிவுக்கு முன்னிருந்த நிலைக்குச் சாட்சியாகாது.

வீட்டு அம்மி கருங்கல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது குடாநாட்டுக் கல் அன்று. எங்கே வெட்டப்பட்டது, எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்று தெரியாத கல், எவ்வளவு பழமையானதாயினும் இந்த வேலைக்கு உதவாது. ஆகவே வவுனியாப் பக்கம் சென்று, நிலத்தோடு ஒன்றி நிற்கும் பாறையையே பார்க்க வேண்டும். அங்குள்ள நைஸ் என்னும் உருமாறிய பாறையில் வெளிறிய பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறி ஓடும். அவை ஓடும் திசையைத் திசைகாட்டியால் அளந்து, எந்தப் பக்கம் எத்தனை பாகை சரிந்துள்ளன என்பதையும் சேர்த்து, இடத்தின் அகலாங்கு நெட்டாங்குடன் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விளிம்பு. கரையோரத்தைக் கண்டத்தின் விளிம்பாகக் கொள்வது பெரும்பிழை. பாக்கு விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள்தான். நமக்கும் இந்தியாவுக்கும் இடையில் கிடப்பது நீர் மூடிய நிலமேயன்றிச் சமுத்திரம் அன்று. 1965இல் புவியியற்பியலாளர் எட்வர்ட் புல்லார்டும் உடனாய்வாளர்களும் அத்திலாந்திக்கின் இரு கரைகளையும் கணினியில் பொருத்தியபோது, கடலடியில் ஏறத்தாழ 900 மீற்றர் ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டையே விளிம்பாகக் கொண்டனர். அப்போதும் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றுக் கழிமுகம் தென்னமெரிக்காவின் மேல் ஏறி நின்றது. அது பொருத்தத்தின் குற்றம் அன்று. கண்டங்கள் பிரிந்த பின் ஆறு கொண்டுவந்து சேர்த்த மண் அது, கழித்துவிட வேண்டும். இந்த வேலையைப் பூகோள உருண்டையின்மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்தே செய்யுங்கள். நான் முதன்முறை தட்டையான சுவர்ப்படத்தை வெட்டி ஒட்ட முயன்றேன். அதில் அந்தாட்டிக்கா அளவின்றி நீண்டு கிடந்ததால் எதுவுமே பொருந்தவில்லை.

விளிம்பு பொருந்தினால் வேலை முடிந்ததென்று எண்ணவேண்டாம். வடிவம் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். கிழிந்த சேலையின் இரு துண்டுகளைச் சேர்ப்பவர் கிழிசலை மட்டும் பார்ப்பதில்லை. குறுக்கே ஓடும் கரைப்பட்டை தொடர்கிறதா என்றுதான் பார்ப்பார். பாறையிலும் விளிம்பைக் குறுக்கே வெட்டும் எல்லைகளே தேவை. 1967இல் புவியியலாளர் பற்றிக் ஹேர்லியும் குழுவினரும் செய்தது இதுவே. கானாவின் அக்ரா அருகே, 2000 மில்லியன் ஆண்டுப் பழமையான பாறைகளும் 550 மில்லியன் ஆண்டளவான பாறைகளும் சந்திக்கும் எல்லை கடலுக்குள் இறங்குகிறது. புல்லார்டின் பொருத்தத்தின்படி அந்த எல்லை பிரேசிலின் சாவோ லூயிஸ் அருகே மறுபடி கரையேற வேண்டும். அங்கு வயதுகளை அளந்தபோது அவ்வாறே இருந்தது. முன்கூட்டிச் சொல்லிப் பின்னர் சென்று பார்த்ததே இதன் சிறப்பு என்பது என் கருத்து.

வயதை அளப்பதற்குப் பாறையிலுள்ள சிர்க்கோன் என்னும் சிறு கனிம மணிகளைப் பயன்படுத்துவர். மணி உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. எனவே பின்னர் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்ததால் வந்ததே. ஒரே மணியில் உட்கருவுக்கு ஒரு வயதும் வெளிவளையத்துக்கு வேறொரு வயதும் இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டுப் பாறைத்தொகுதி 550 மில்லியன் ஆண்டளவில் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கு உட்பட்டு உருமாறியது. அந்தாட்டிக்காவின் லுட்சோவ்-ஹோம் விரிகுடாக் கரைப் பாறைகளும் அக்காலத்தில் அவ்வாறே உருமாறின. சார்னோக்கைட்டு என்னும் கருங்கல் போன்ற பாறை இங்கும் உண்டு, சென்னைப் பல்லாவரத்திலும் உண்டு என்பதை மட்டும் கொண்டு இரண்டையும் இணைத்துவிடாதீர்கள். கல்லின் வகை, வயது, உருமாறிய வெப்பம், எல்லையின் திசை ஆகிய நான்கும் ஒருசேர ஒத்துவர வேண்டும்.

இறுதியாக, இலங்கைத் துண்டை அந்தாட்டிக்காவோடு சேர்க்க எத்தனை பாகை திருப்பினீர்களோ, வவுனியாவில் அளந்த பட்டைகளின் திசையையும் அத்தனை பாகை திருப்பியே வரைய வேண்டும். பின்னர் தென்னிந்தியாவையும் மடகஸ்காரையும் வைத்துப் பார்த்து, அவற்றுள் ஒன்று இடறினால் முதலிலிருந்து திருத்துங்கள். இலங்கை எந்த அளவு சுழன்று நின்றது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் இணக்கம் இல்லாமையால், கோடுகளைப் பென்சிலால் வரைவது நல்லது.