ஃபோக்கஸைக் கட்டைவிரலுக்குக் கொடுங்கள்

புதிதாகக் கேமரா வாங்கிக்கொண்டு என்னிடம் வரும் பிள்ளைகள் எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது ஒரு பட்டனை: ஃபோக்கஸ், அதாவது எது கூர்மையாக விழவேண்டும் என்று லென்ஸ் குறிவைக்கும் வேலையை, ஷட்டரிலிருந்து எடுத்து, கட்டைவிரல் படும் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுக்கச் சொல்வேன். மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. அதில் தீமிதி இருக்கிறதே, அதற்கு இந்தப் பட்டன் இல்லாமல் நான் போவதே இல்லை.

கடையிலிருந்து வரும் கேமராவில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் வெளிச்சத்தை அளக்கும், ஃபோக்கஸ் செய்யும். முழுதாக அழுத்தினால் படம் எடுக்கும். எல்லாமே ஓர் ஆள்காட்டி விரலின் வேலை. பூக்குழி ஓரத்தில் நின்று பாருங்கள். கரகம் வைத்தவர் குழியில் இறங்குகிறார். அதே நேரம் மஞ்சள் துண்டு கட்டிய தொண்டர் ஒருவர் குறுக்கே கையை நீட்டுகிறார். விரல் பாதி அழுத்தத்தில் இருப்பதால் ஃபோக்கஸ் அந்தக் கைக்குத் தாவிவிடுகிறது. அது திரும்பி வருவதற்குள் கரகம் குழியைத் தாண்டிப் பால் தொட்டிக்குப் போய்விடும். அவர் நமக்காக இன்னொரு தடவை இறங்கப் போவதில்லை.

ஃபோக்கஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிவிட்டால், கட்டைவிரல் அழுத்தியிருக்கும் வரை கேமரா ஆளைத் துரத்தும். விரலை எடுத்தால் ஃபோக்கஸ் அந்தத் தூரத்திலேயே நிற்கும். ஷட்டர் படம் மட்டும் எடுக்கும். குறுக்கே கை வந்தால் கட்டைவிரலை எடுங்கள், கை போனதும் மறுபடி அழுத்துங்கள். இது இன்றைய புதுமை ஒன்றும் இல்லை. கேனன் 1989-இல் இஓஎஸ் 630 ஃபிலிம் கேமராவிலேயே இந்த வசதியைக் கொடுத்துவிட்டது.

சரி, மாற்றுவது எப்படி? கேனனில் ஏஎஃப்-ஆன் (ஏஎஃப் என்றால் தானியங்கி ஃபோக்கஸ்) பட்டன் பின்னால் தனியாக இருந்தால், பட்டன்களை மாற்றும் மெனுவுக்குப் போய், ஷட்டரின் பாதி அழுத்தத்துக்கு மீட்டரிங் (வெளிச்சத்தை அளப்பது) மட்டும் என்று வையுங்கள். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்களில் வெளிச்ச அளவைப் பூட்டும் (ஏஇ லாக்) நட்சத்திரக் குறி போட்ட பட்டன்தான் உண்டு. அதற்கு மெனுவில் கஸ்டம் ஃபங்ஷன் என்ற பகுதியில் 'ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்' என்ற வரியில் 0 முதல் 3 வரை இருக்கும். 1, 3 இரண்டுமே ஃபோக்கஸைப் பின்பக்கப் பட்டனுக்குத் தள்ளும். ஆனால் 1 வைத்தால் பாதி அழுத்தத்தில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். தீயும் புகையும் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது ஆகாது, 3 வையுங்கள். நிக்கோன் டி500, டி850 மாதிரி கேமராக்களில் 'ஏஎஃப் ஆக்டிவேஷன்' என்பதை 'ஏஎஃப்-ஆன் ஒன்லி' ஆக்கவேண்டும். டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் பின்னாலுள்ள ஏஇ-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் வேலையைக் கொடுத்தால் போதும், ஷட்டர் தானாகவே ஃபோக்கஸை விட்டுவிடும். சோனியில் 'ஏஎஃப் வித் ஷட்டர்', ஃபியூஜியில் 'ஷட்டர் ஏஎஃப்': இரண்டையும் அணைக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமானது. ஃபோக்கஸ் முறையைத் தொடர் ஃபோக்கஸுக்கு மாற்றுங்கள். கேனனில் செர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. பலர் இதை மட்டும் விட்டுவிட்டு, பட்டனை மாற்றி என்ன லாபம் என்கிறார்கள். தொடர் முறையில் இருந்தால்தான் அழுத்தினால் துரத்தல், விட்டால் நிற்றல் என்று இரண்டும் ஒரே விரலில் கிடைக்கும். நிக்கோன்காரர்களுக்கு ஒன்று: அதிர்வைத் தணிக்கும் விஆர், லென்ஸில் இருந்தால், ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு எழாது. படம் எடுக்குமுன் ஷட்டரைப் பாதி அழுத்தி ஒரு கணம் பொறுங்கள்.

பழகுவதற்குக் கோயில் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்து வரும். ஒரு கொக்கைப் பிடித்துக் கட்டைவிரலை விடாமல் அது பறக்கும் வரை போங்கள். ஆரம்பத்தில் ஆள்காட்டி விரலை அழுத்தும்போது கட்டைவிரல் தானாகத் தளரும். ஓரிரு வாரத்தில் விரல்கள் பிரிந்துவிடும்.

விட்டுப் பிடிப்பதைப் பழக ஆந்தைப் பெட்டியைவிட நல்ல இடம் இல்லை. எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து வெண்ணாந்தை வளர்க்கிறார்கள் அல்லவா? பொழுது சாயும் நேரத்தில் அது வாசலுக்கு வரும். அந்த வெளிச்சத்தில் ஷட்டரில் ஃபோக்கஸ் இருந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே பெட்டியின் வாசல் விளிம்பில் ஒருமுறை ஃபோக்கஸ் செய்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். கேமராவை முக்காலியில் வைத்துவிட்டுக் கொசுவை அடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ஆந்தை தலையை நீட்டும்போது ஷட்டரைத் தட்டினால் போதும்.

ஆனால் ஃபோக்கஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஆளை ஓரத்தில் வைக்கும் பழக்கத்தை எல்லா இடத்திலும் நம்ப வேண்டாம். ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மிமீ லென்ஸை எஃப் 1.8 வரை அகலத் திறந்து, ஒன்றரை மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழமே ஏறக்குறைய 3 செமீ. 10 டிகிரி திருப்பினாலே ஃபோக்கஸ் 2 செமீக்கு மேல் பின்னால் போகும். கண் மங்கி, காதுப்பக்கம் கூர்மையாக இருக்கும். அந்த மாதிரிப் படத்துக்கு ஃபோக்கஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள்.

கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் நிற்கும்போது பின்பக்கப் பட்டனால் பெரிய லாபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணைத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வைத்திருப்பவர்கள் அங்கே பழையபடியே எடுக்கலாம்.

குடும்பப் படத்தில் நீங்களும் நிற்கவேண்டும் என்று அத்தை இழுப்பார். கேமராவை வாங்கும் மாமாவுக்குப் பின்பக்கப் பட்டன் தெரியாது; பாதி அழுத்திப் பார்த்துவிட்டுக் கேமரா கெட்டுப்போச்சு என்பார். அவர் நிற்கப்போகும் இடத்தில் நீங்கள் நின்று, லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைத்து, முன்வரிசையில் ஒரு முகத்தில் ஃபோக்கஸ் செய்து, கட்டைவிரலை எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஷட்டர் ஃபோக்கஸைத் தொடாது. "மாமா, இங்கேயே நில்லுங்க, அழுத்தினா போதும்" என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போகலாம். ஸூமைத் தொடவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.