அம்மாவின் நெஞ்சுக்கு அப்பாவின் கணக்கு: இதய மருந்து ஆய்வுகளில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இதய மருந்து ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். மருத்துவர் கைகாட்டும் நோயாளியிடம் போய், "இப்படி ஒரு ஆய்வு நடக்குது, சேர விருப்பமா?" என்று விளக்கிக் கேட்பதுதான் என் வேலை.

ஒருநாள் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். நான் இரண்டு வரி பேசுவதற்குள் பக்கத்தில் நின்ற கணவர், "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, அதெல்லாம் வேணாம்" என்றார். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, ரெஜிஸ்டரில் 'விருப்பமில்லை' என்று எழுதி அடுத்தவரிடம் போய்விட்டேன். பல மாதங்கள் கழித்து அந்த ரெஜிஸ்டரைப் புரட்டியபோதுதான் உறைத்தது. 'விருப்பமில்லை' என்று நான் எழுதிவைத்த பெண்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் வாயால் சொன்னார்கள்? எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. நான் செய்த தவறு அது. அதைப் போன்ற வேறு சில தவறுகளையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

"ஆணுக்குக் கேட்கிற மருந்து பெண்ணுக்கும் கேட்கும்"

எல்லாத் தவறுகளுக்கும் தாய்வேர் இந்த எண்ணம். ஆஸ்பிரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. அந்த 22,071 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

பெண்களை மட்டும் வைத்து அதே கேள்வியைக் கேட்ட பெரிய ஆய்வின் முடிவு 2005-ல்தான் வந்தது. 45 வயதும் அதற்கு மேலும் ஆன, ஆரோக்கியமான 39,876 பெண்கள். சுமார் பத்து ஆண்டு கண்காணிப்பு. முதல் மாரடைப்பைத் தடுப்பதில் ஆஸ்பிரினால் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆனால் பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் மாரடைப்பும் குறைந்தது. வயிற்றில் ரத்தக்கசிவு கூடியது. இரண்டு ஆய்வுகளிலும் மாத்திரையின் அளவு வேறு, அதனால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இருந்தாலும் நடுவில் போன அத்தனை ஆண்டுகளும் ஆண்களின் கணக்கை வைத்தே பெண்களுக்கு யோசனை சொல்லப்பட்டது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரையை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மேலே சொன்னது மாரடைப்பு வராதவர்களைப் பற்றியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பொதுவாக ஆஸ்பிரின் தேவை, ஆணானாலும் பெண்ணானாலும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் அப்படித்தான். 27 ஆய்வுகளில் இருந்த சுமார் 1,74,000 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2015-ல் வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஒரே அளவில் இருந்தால் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே பலன் கிடைக்கிறது என்று தெரிந்தது. அந்த 1,74,000 பேரிலும் பெண்கள் 27 சதவீதம்தான். ஆனாலும் அத்தனை ஆய்வுகளையும் சேர்த்தபோது நம்பி முடிவு சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை கிடைத்தது.

பாதுகாப்பதாக நினைத்து ஒதுக்கியது

பெண்களை ஒதுக்கியவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டதால், 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சியில்லாமல் பிறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பயம் போகவில்லை. 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பக்கட்ட ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கருத்தடை மாத்திரை, சாதனம் பயன்படுத்தியவர்களுக்கும் அதே கதிதான். 1993-ல் அதை விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு, அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அங்கே சட்டமும் வந்தது.

ஆய்வில் காக்கப்பட்ட அதே பெண், ஆய்வு முடிந்து கடைக்கு வந்த மருந்தை எந்தக் காப்பும் இல்லாமல் விழுங்கினாள். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

உடம்பு ஒன்றுபோல இல்லை என்பது வெறும் பேச்சல்ல. பெண்களின் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் தொடங்கி அடங்க எடுக்கும் நேரம், இயல்பாகவே கொஞ்சம் நீளம். அதனால் சில மருந்துகளால் வரும் ஆபத்தான துடிப்புக் கோளாறு பெண்களுக்கே அதிகம் வருகிறது. டிஜாக்சின் என்ற பழைய இதய மருந்தை 6,800 பேரிடம் சோதித்து 1997-ல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தக் கணக்கில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2002-ல் அதே விவரங்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். டிஜாக்சின் போட்ட பெண்களில், போடாத பெண்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது. பிறகு பிரித்துப் பார்த்தது என்பதால் அதையே முடிந்த முடிவாக எடுக்க முடியாது. ஆனால் ஐந்து ஆண்டுகள் அந்தக் கேள்வியே எழவில்லையே! பெண்களைச் சேர்த்தால் மட்டும் போதாது, அவர்கள் கணக்கைத் தனியாகப் பார்க்கவும் வேண்டும்.

விதியிலேயே வாசல் அடைபடுவது

இதுதான் ஆய்வுகளை வடிவமைப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டுகள் தள்ளி வந்தது. அப்படியிருக்க '70 வயதுக்கு மேல் சேர்க்கக் கூடாது' என்று ஒரு வரி போட்டால் யார் வெளியே போவார்கள்? பெண்கள்தான். வயது கூடக்கூடச் சிறுநீரகக் கோளாறும் ரத்தச்சோகையும் சேரும். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை வரி இருக்கும்.

நோயின் இலக்கணமே ஆணின் நோயை வைத்து எழுதப்பட்டது என்பது அதைவிட ஆழமான பிரச்சினை. இந்தியாவும் பங்கெடுத்து 2020-ல் முடிவு வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள், பெண்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. தேர்வு செய்யும்போது சி.டி. எடுத்துப் பார்த்து, பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இல்லாதவர்களை விலக்கினார்கள். அப்படி வெளியே போகும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக இருந்தது. நெஞ்சுவலி உண்டு, இதயத்துக்கு ரத்தம் குறைகிறது என்று சோதனையும் சொல்கிறது, ஆனால் பெரிய குழாயில் அடைப்பு இல்லை. சின்னக் குழாய்களில் கோளாறு இருக்கலாம். இப்படிப்பட்ட பெண்களை "ஆஞ்சியோ நார்மல்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று வீட்டுக்கு அனுப்புவதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பெண்கள் நிறையச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வாதக்காய்ச்சலால் வால்வு கெடும் நோய் நம் ஊர்களில் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. மைட்ரல் வால்வு சுருங்கி, துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ போட்டுக்கொண்டு மாதாமாதம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்க வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் புடவைதான். அந்தச் சோதனை தேவைப்படாத புது மாத்திரையான ரிவராக்ஸபான் இவர்களுக்கும் சரிப்பட்டு வரும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடந்த இன்விக்டஸ் ஆய்வில் பெண்கள் 72 சதவீதம். 2022-ல் வந்த முடிவு எதிர்பார்ப்பைப் புரட்டிப்போட்டது. பழைய மாத்திரை போட்டவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. இந்த ஆய்வு மட்டும் நடக்காமல் போயிருந்தால் எத்தனை பெண்கள் நல்லது என்று நம்பி மாத்திரையை மாற்றியிருப்பார்கள்!

"பொம்பளைங்க வரமாட்டாங்க"

மருத்துவமனைகளில் சாதாரணமாகக் கேட்கும் வார்த்தை இது. நானும் சொல்லியிருக்கிறேன். வராமல் இருப்பதற்கான காரணங்களை உட்கார்ந்து யோசித்தால் பாதி நம் கையில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வோம். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற அக்காவுக்கு அதுதான் வியாபார நேரம். பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவருக்கு ஒருநாள் வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. பஸ் காசு ஆய்வுச் செலவில் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொன்னாலும் அன்றைய கூலிக்கு அது ஈடாகாது. நாங்கள் சிலருக்கு வருகையைப் பிற்பகலுக்கு மாற்றினோம், சில விசாரிப்புகளைப் போனிலேயே முடித்தோம். அப்புறம் அவர்கள் வந்தார்கள்.

கணவரையோ மகனையோ பார்த்துப் பேசுவதையும் விட்டேன். "ஐயா, ஒரு பத்து நிமிஷம் அம்மாகிட்ட தனியா பேசிடறேன், அப்புறம் நீங்களும் வாங்க" என்பேன். அப்படிக் கேட்டபோது வேண்டாம் என்றவர்களும் உண்டு, சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டுமே அவர்கள் சொன்ன பதில்.

பயத்தை ஏளனம் செய்வது

"எங்கள வெச்சு சோதனை பண்றீங்களா?" என்று கேட்கும் பெண்ணை அறியாமை என்று தள்ளாதீர்கள். ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஓர் ஆய்வு, எதிர்ப்புகளால் 2010-ல் நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதலில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மருந்து, உரிமைகளைப் புரியும்படி சொல்வதுதான்.

2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வை அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியில் ஒரு பெண்ணும், மருத்துவம் படிக்காத ஒரு பொதுமனிதரும் இருந்தாக வேண்டும். 2009 முதல், ஆய்வு தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதைப் பதிவுசெய்வதும் கட்டாயம். அந்த இணையதளத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எந்த ஊர், எந்த வயது, ஆணா பெண்ணா இருவருமா என்பது எல்லாம் அதில் இருக்கும்.

உங்கள் வீட்டில் அம்மாவையோ அத்தையையோ ஆய்வுக்குக் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் பெண்கள் எத்தனை பேர் சேர்கிறார்கள்? முடிவைப் பெண்களுக்குத் தனியாகப் பார்ப்பீர்களா? இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்தச் சொல்வீர்கள்? அப்புறம் படிவத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி ஓபி சீட்டோடு வையுங்கள். ஆய்வு மருத்துவர் எண்ணும் எத்திக்ஸ் கமிட்டி எண்ணும் அதில் இருக்கும். அந்த இரண்டையும் அம்மாவின் போனிலேயே பதிந்து கொடுங்கள்.