குழந்தைக்கு ஆங்கிலச் சொற்கள்: நாளுக்கு ஐந்து, அட்டையும் பெட்டியுமாக

தமிழ் சரளமாகப் பேசும், ஆங்கில எழுத்துகளை அடையாளம் தெரிந்த ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கான முறை இது. நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

படி 1: சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

நாளுக்கு ஐந்து சொற்கள், வாரத்தில் நான்கு நாள். மற்ற நாள்களில் பழையதைத் திருப்பிப் பார்ப்பது மட்டுமே. ஐந்தில் மூன்று பொருள்களின் பெயராகவும், ஒன்று செயலாகவும், ஒன்று தன்மையாகவும் இருக்கட்டும்: கப், டோர், ஷூ, ஜம்ப், வெட். வெறும் பெயர்களாகவே சேர்த்தால் மாதக் கடைசியில் எண்பது பொருள்களின் பெயர் தெரியும். ஒரு வாக்கியம்கூட வராது.

எதிர்ச்சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். லெஃப்ட், ரைட் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எது எந்தப் பக்கம் என்ற குழப்பம் நெடுநாள் நீடிக்கும். ரைட் முதலில், அது தடுமாறாமல் வந்த பிறகு, ஒரு வாரம் கழித்து லெஃப்ட். நிறங்களுக்கும் இதே கதைதான்.

அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் தொகுத்த 220 சொற்களின் பட்டியலைப் பலர் அப்படியே அட்டையாக்கிவிடுகிறார்கள். அது பார்த்தவுடன் வாசிக்கப் பழக்கும் பட்டியல். அதில் உள்ள தி, ஆஃப் போன்றவற்றுக்குத் தனித் தமிழ்ப் பொருள் எழுத முடியாது. அவை வாக்கியத்துக்குள் தானாக வந்து சேரட்டும்.

படி 2: அட்டை செய்யுங்கள்

ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டு அட்டை கிடைக்கும். தடித்த தாளாக எடுங்கள். மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் தெரியும். குழந்தை அதைப் பார்த்தே விடை சொல்லிவிடும்.

முன்பக்கம் சொல் மட்டும், சின்ன எழுத்துகளில். பின்பக்கம் ஒரு படம், எளிய பொருள், மூன்று நான்கு சொற்களில் ஒரு ஆங்கில வாக்கியம்.

இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது பெரியவர்களின் வாசிப்பு வசதிக்காக. அட்டையில் அப்படி எழுதவே கூடாது. பை, முதுகு, கேக்கை அடுப்பில் வேகவைப்பது, மூன்றுக்குமான ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதினால் ‘பேக்’தான். உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகட்டும்.

படி 3: பொருளை எளிமையாக எழுதுங்கள்

அதிகம் கோட்டைவிடும் இடம் இது. அகராதியைப் பார்த்து ஒபே என்பதற்குக் ‘கீழ்ப்படிதல்’ என்று எழுதினால், குழந்தைக்கு இப்போது தெரியாத சொற்கள் இரண்டு. ‘சொன்னதைக் கேட்டு நடப்பது’ என்று எழுதுங்கள். பிரேவ் என்றால் ‘பயப்படாத’. எம்ப்டி என்றால் ‘உள்ளே ஒன்றும் இல்லாத’.

தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும் இடங்களில் பொருள் மட்டும் போதாது. கை என்று எழுதினால் அது ஹேண்டா, ஆர்மா? கால் என்றால் லெக்கா, ஃபுட்டா? படம் வரைந்து, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வண்ணம் தீட்டினால் ஹேண்ட். தோளிலிருந்து மணிக்கட்டு வரை தீட்டினால் ஆர்ம். சீ, லுக், வாட்ச் மூன்றும் ‘பார்’தான் என்பதால் இவற்றை மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

படி 4: அறிமுகம்

முதலில் பொருளைக் காட்டி நீங்கள் இரண்டு முறை சொல்லுங்கள். பிறகு குழந்தை சொல்லட்டும். அதன் பின்தான் அட்டை. செயல்களைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: ஜம்ப் என்றால் குதிக்க வேண்டும், விளக்கக் கூடாது.

படி 5: மூன்று அறைப் பெட்டி

அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பிரபலமாக்கிய அட்டைப்பெட்டி முறையின் சுருக்கம் இது. செருப்புப் பெட்டியை மூன்றாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை கேளுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்கே திரும்பும்.

கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேளுங்கள். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது சுலபம். படத்தை மட்டும் காட்டிச் சொல்லைக் கேட்டால்தான் உண்மை தெரியும். இதில் தேறாத அட்டையை மேலே ஏற்ற வேண்டாம். அட்டைகளைக் கலைத்துப் போடவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் குழந்தை வரிசையைத்தான் மனப்பாடம் செய்யும்.

மூன்றாம் அறையில் இரண்டு முறை சரியாக வந்த சொல்லைக் கொண்டு குழந்தையே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பின்பக்கம் எழுதிய வாக்கியம் செல்லாது. இலக்கணம் பிசகினால் நிறுத்தித் திருத்தாமல், அதே வாக்கியத்தை நீங்கள் சரியாக ஒருமுறை சொன்னால் போதும்.

முதல் அறையில் பதினைந்து அட்டைக்கு மேல் தேங்கினால் புதுச் சொற்களை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். அதன் பிறகும் அசையாத அட்டைகளில் பெரும்பாலும் படமோ பொருளோதான் சரியில்லாமல் இருக்கும். அவற்றைக் கிழித்துவிட்டு வேறு படத்தோடு புதிதாகச் செய்யுங்கள்.