ஹார்ட் டிஸ்க் சாகப்போகுதா? ரெக்கவரிக்கு முன்னாடி குளோன் எடுத்துருங்க

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் கல்யாணம் காதுகுத்துன்னு படம் எடுக்கிற பசங்க எங்கிட்ட டிஸ்க் கொண்டுவரும்போது பாதி பேர் ஏற்கெனவே நாலு ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டி, செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சரிபார்க்கிற டூல்) போட்டு, ராத்திரி முழுக்க ஸ்கேன்ல விட்டுட்டுதான் வர்றாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. ஒவ்வொரு ஸ்கேனும் டிஸ்க்கை முதல்லேருந்து படிக்கும், செக்டிஸ்க் அதுல எழுதவே ஆரம்பிச்சிரும். அது உசுரோட இருக்கிறப்பவே இன்னொரு டிஸ்க்குல நகல் (அதான் குளோன்) எடுத்துட்டா, அப்புறம் என்ன வேணா அந்த நகல்ல பண்ணலாம்.

டக் டக்னு சத்தம் வருதா, உடனே பவரை எடுங்க. அது ஹெட் (டிஸ்க் தகட்டைப் படிக்கிற முனை) பிரச்சினையா இருக்கலாம், வீட்ல திறந்து பார்க்கிற வேலையே வேணாம், கிளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வச்சிருக்கிற ரெக்கவரி ஆளுங்ககிட்ட போங்க. சத்தம் இல்ல, ஆனா ஃபோல்டர் திறக்கவே நிமிஷக்கணக்கா ஆகுது, விண்டோஸ் ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குதுன்னா (வேணாம்னு சொல்லிருங்க) இது உங்களுக்குத்தான். ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிறது) 5, 197, 198 இந்த மூணு வரியோட ரா வேல்யூவைப் பாருங்க, கெட்டுப்போன இடங்களோட கணக்கு அதுலதான் இருக்கு, ஏறிட்டே போச்சுன்னா நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க.

நகல் எடுக்கிற டிஸ்க் அதே சைஸ் இல்ல பெருசா இருக்கணும், அதுல இருக்கிறது மொத்தமா அழிஞ்சிரும். பழைய டிஸ்க்கை முடிஞ்சா மதர்போர்டு சாட்டா போர்ட்லயே நேரா மாட்டுங்க. ஆனா சில போர்ட்டபிள் டிஸ்க்ல யூஎஸ்பி போர்டுலயே என்க்ரிப்ஷன் (டேட்டாவைப் பூட்டி வைக்கிறது) இருக்கும், அதைப் பிரிக்காம அப்படியே மாட்டுங்க.

சிஸ்டம்ரெஸ்க்யூவை (SystemRescue, பென்டிரைவ்லேருந்தே ஓடுற லினக்ஸ்) பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுங்க, நகல் எடுக்கிற டூல் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ (ddrescue) அதுலயே இருக்கு. முதல்ல டிஸ்க் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே கமாண்டை (lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL) போட்டு மாடலும் சீரியல் நம்பரும் பார்த்து எது பழசு எது புதுசுன்னு பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க, ஏன்னா ரெண்டையும் மாத்திக் கொடுத்தா காலி டிஸ்க் போய் படத்து மேல எழுதிரும், அதோட கதை முடிஞ்சது. டிடிரெஸ்க்யூ கமாண்ட்ல முதல்ல பழசு, அடுத்து புதுசு, கடைசியில மேப்ஃபைல். முதல் சுத்துக்கு மைனஸ் டி, மைனஸ் எஃப், மைனஸ் என் (-d -f -n) மூணும் சேருங்க.

இந்த மேப்ஃபைல்தான் எல்லாமே. எது படிச்சாச்சு, எது படிக்க வரலன்னு அதுலதான் குறிச்சு வைக்குது. நம்ம ஏரியாவுல வெயில் காலத்து ராத்திரி கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, மேப்ஃபைலை சும்மா ஹோம் ஃபோல்டர்ல விட்டா அது ரேம்லதான் இருக்கும், கரண்ட் போனதும் அதுவும் போயிரும். தனி பென்டிரைவ் ஒண்ணு மவுண்ட் பண்ணி (சிஸ்டத்தோட இணைச்சு) அதுல வைங்க, அப்ப அதே கமாண்டை மறுபடி அடிச்சா விட்ட இடத்துலேருந்து ஓடும், ஆனா மறுபடி பூட் பண்ணினா டிஸ்க் பேர் மாறியிருக்கலாம், சீரியலை திரும்பப் பாருங்க.

நல்ல டிஸ்க்னா 1 டிபி, செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். கெட்ட டிஸ்க் நாள்கணக்கா போகலாம். ஸ்கிரீன்ல வேகம் திடீர்னு கேபிக்கு இறங்கும், கடைசியா படிச்சு எவ்ளோ நேரமாச்சுன்னு ஒரு வரி ஏறிட்டே இருக்கும், பயப்படாதீங்க, டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்லதை முதல்ல அள்ளிட்டு வரும். கையில தொட்டா சுடுதுன்னா கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்தி, பவரை எடுத்து ஆற விடுங்க, டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வைங்க.

முதல் சுத்து முடிஞ்சதும் மைனஸ் என் எடுத்துட்டு மைனஸ் ஆர் 3 (-r3) போட்டு மிச்சத்தை முயற்சி பண்ணுங்க. அதுலயும் வராததுக்கு பெரிய ஆர் (-R), அது பின்னாடியிலேருந்து படிக்கும், சில சமயம் கொஞ்சம் கூடுதலா கிடைக்கும்.

அப்புறம் பழைய டிஸ்க்கைக் கழட்டி பேர் எழுதி எடுத்து வச்சிருங்க. நகலை ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணிப் பாருங்க, நிறைய தடவை ஃபோல்டர் அப்படியே திறந்துரும். திறக்கலைன்னா டெஸ்ட்டிஸ்க் (TestDisk)னு ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர், அதுவும் ஆகலைன்னா ஃபோட்டோரெக் (PhotoRec), இதுல ஃபைல் பேரெல்லாம் போயிரும் ஆனா படம் வரும். மீட்கிற படத்தை மூணாவது டிஸ்க்குல சேவ் பண்ணுங்க, நகல் மேலயே எழுதாதீங்க. எல்லாப் படத்தையும் திறந்து பார்க்கிற வரைக்கும் பழைய டிஸ்க்கை யாருக்கும் தூக்கிக் கொடுத்துராதீங்க.